வெள்ளை படாத நிலைக்கால்

ஹாலோவே வீட்டின் முன்கதவுக்கு இரண்டு சாவிகள். கொரீன் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, மூன்றாவது முயற்சியில்தான் கதவைத் திறந்தாள். பின்னால் நின்ற பெர்னிஸ் அட்டையில் செருகியிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"சாவி போடறதுக்குக்கூடவா மார்க்கு?"

"எல்லாத்துக்கும்தான்," என்றார் பெர்னிஸ். "மூச்சு விடறதுக்கு மட்டும் இன்னும் போடல. அடுத்த வருஷம் அதையும் சேர்த்துடலாம்னு இருக்கேன்."

பெர்னிஸுக்கு எழுபத்து நாலு வயது. சிரிக்காமலே சிரிப்பு மூட்டக்கூடியவர். அது விளையாட்டா வினையா என்று கண்டுபிடிப்பதற்குள் எதிராளிக்கு வேர்த்துவிடும். காட்சிக்கு வைத்திருக்கும் இந்தப் பழைய வீட்டைச் சுற்றிக்காட்டும் தொண்டர்களுக்கெல்லாம் அவர்தான் தலைமை. எந்த அறையில் எங்கே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும் என்று முப்பத்தொரு பக்கத்துக்கு உரை தட்டச்சு செய்து வைத்திருந்தார். அதில் ஒன்றும் சேர்க்கக் கூடாது, ஒன்றும் விடக் கூடாது. ஆறு அறைகள், அறுபது நிமிடம்.

கொரீனுக்கு இன்று இரண்டாம் முறைத் தேர்வு. ஜனவரியில் முதல்முறை தோற்றுப்போனாள். மாடிப்படியருகே நின்று "மரத்தைத் தொடாதீங்க, கையில இருக்கற எண்ணெய் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே, தன் கட்டைவிரலால் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று பெர்னிஸ் பேனாவை மூடிவிட்டார். இரண்டாம் முறையும் தோற்றால் அவ்வளவுதான். வாசலில் படஅட்டை விற்கும் கடையில் உட்காரலாம். வழிகாட்டியாக உள்ளே நுழைய முடியாது.

தொலைந்து போகட்டும் என்று விட்டுவிடக்கூடிய காரியமில்லை அவளுக்கு இது. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். தினமும் இரண்டு முறை இந்தத் தெருமுனைச் சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும். புதருக்கு மேலே கூரையின் அகன்ற இறவாரமும், அதன் அடியில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கைமரங்களின் நுனிகளும் மட்டும் தெரியும். ஒவ்வொரு நுனியையும் யாரோ உருட்டி உருட்டி இழைத்திருந்தார்கள். மழைநீர் சொட்டும் இடத்துக்கு இவ்வளவு அக்கறையா, அப்படியென்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று இருபத்தாறு வருடம் யோசித்தாள். ஓய்வு பெற்ற முதல் சனிக்கிழமையே சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்ததும் அடுத்த சுற்றுக்கு இன்னொரு சீட்டு வாங்கினாள். அன்றிலிருந்து நாலு வருடமாக, சனிக்கிழமைதோறும் மற்ற வழிகாட்டிகளின் சுற்றில் கூடவே போய் உரையைக் கற்றுக்கொண்டாள். அவள் குடியிருப்பது டயர் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில். அங்கே சுவரில் ஆணி அடித்தால் மாவுதான் கொட்டும்.

வழிகாட்டிகள் ஓய்வெடுக்கும் சின்ன அறையைத் தாண்டும்போது கொரீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அங்கே சுவரில் ஒரு பலகை. பலகையில் வெள்ளைச் சாயம் காய்ந்து கல்லாகிப்போன ஒரு பிரஷ். அந்த வருடம் யார் பெரிய சொதப்பல் செய்தார்களோ அவர்களுக்கு டிசம்பர் விருந்தில் அதைக் கைதட்டலோடு கொடுப்பார்கள். இந்த வருடம் யாருக்கு என்று ஜனவரியிலேயே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு ஆறு பேர் முன்தளத்தில் கூடினார்கள். ஒஹாயோவிலிருந்து வந்த ஃபெர்ரிஸும் அவர் மனைவியும். கட்டடக்கலை படிக்கும் இரண்டு பெண்கள். ஆர்லோ என்ற எண்பது வயதுக்காரர், அவரை அழைத்து வந்த மகள் ஜோனி. அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசாக ஜோனிதான் சீட்டு வாங்கியிருந்தாள். ஆர்லோ நல்ல நெட்டை. தலையைத் தூக்கி இறவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் காலணி மேல் துணி உறை மாட்டிக்கொள்ள வேண்டும். ஃபெர்ரிஸ் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே கேட்டார்.

"இந்த உத்திரமெல்லாம் ஒரே மரமா, இல்ல ஒட்டுப் போட்டதா? நான் வீட்டு ஷெட்டுல அலமாரி செய்யறவன். அதான் கேக்கறேன்."

"செய்யறாராம்," என்றார் மனைவி. "ஒம்பது வருஷமா ஒரே அலமாரிதான் செஞ்சுக்கிட்டிருக்கார்."

ஒவ்வொரு சுற்றிலும் இப்படி ஒருவர் வருவார். வழிகாட்டி தப்பாக ஏதாவது சொல்ல மாட்டாரா என்று காத்திருப்பார். கொரீன் உரையில் உள்ளபடியே பதில் சொன்னாள்: முப்பதடி நீளம், ஒரே மரம், மலையிலிருந்து கோவேறு கழுதைகள் இழுத்து வந்தது. பிறகு ஆற்றுக் கற்களும் கருகி முறுக்கிக்கொண்ட செங்கற்களும் கலந்து கட்டிய புகைக்கூண்டைக் காட்டினாள். சூளையில் அதிகம் வெந்து கோணிப்போன செங்கல்லை மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். லூதர் பிராண்ட்வெல் என்ற இந்த வீட்டின் கட்டடக் கலைஞர் அதைத் தேடிப் போய் வாங்கினார். இயந்திரம் வழித்தெடுத்த வழவழப்பு வேண்டாம், மனிதன் கை பட்டது கண்ணுக்குத் தெரியட்டும் என்று பிடிவாதம் பிடித்த காலம் அது.

"கோணலா இருந்தாலும் ஒரு இடம் உண்டுன்னு சொல்றீங்க," என்றார் ஃபெர்ரிஸின் மனைவி. "இவருக்கு இங்க ஒரு வேலை போட்டுக் குடுங்க."

சிரிப்போடு உள்ளே நுழைந்தார்கள். முன்கதவில் ஓக் மரம் கிளை பரப்பியது போல வண்ணக் கண்ணாடி. பிற்பகல் வெயில் அதன் வழியே இறங்கிக் கூடத்துத் தரையில் பச்சையும் பழுப்புமாகக் கிடந்தது. கொரீன் இந்த நிமிடத்துக்காகவே வாழ்ந்தாள் என்று சொன்னால் மிகையில்லை. யாரும் பேச மாட்டார்கள். எல்லோர் முகமும் கொஞ்ச நேரம் சின்னப் பிள்ளை முகமாகிவிடும். படிக்கட்டின் கைப்பிடியைக் காட்டினாள். இரண்டு கட்டைகள் சேரும் மூலையில் விரல்கள் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போய்வந்தன. இணைப்பின் மேல் துருத்திக்கொண்டிருந்த கருமர முளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. இந்தத் தடவை அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அப்போதுதான் ஆர்லோ சாப்பாட்டு அறைக்குப் போகும் வாசலில் இடது நிலைக்கால்மேல் உள்ளங்கையை வைத்தார். தெரியாமல் பட்டதல்ல, நன்றாக, அழுத்தி வைத்தார்.

"ஐயா, மரத்தை மட்டும் தொட வேண்டாம்," என்றாள் கொரீன்.

"அடடா. மன்னிச்சுக்கம்மா," என்று கையை எடுத்தார்.

பெர்னிஸின் பேனா ஓடியது.

சாப்பாட்டு அறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஓக் அலமாரி. அதன் இழுப்பறைகள் இரண்டு பக்கமும் திறக்கும். சமையலறையில் கழுவிய தட்டை அந்தப் பக்கம் வைத்தால் இந்தப் பக்கம் எடுத்து மேசையில் போடலாம். கொரீன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு இரண்டாவது இழுப்பறையை இழுத்துக் காட்டினாள். எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு வந்தது.

"மூணாவதுதான் மக்கர் பண்ணும்," என்றார் ஆர்லோ. "மழை பேஞ்சா மாட்டிக்கும். லேசாத் தூக்கி இழுக்கணும்."

"அப்பா!" என்று ஜோனி அவர் முழங்கையைப் பிடித்தாள். "என்ன பேசிக்கிட்டு வந்தோம் நாம?"

கொரீன் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது இழுப்பறை மாட்டிக்கொள்ளும் என்பது நிஜம். ஆனால் அது முப்பத்தொரு பக்கத்தில் எங்கேயும் இல்லை. கேட்கலாம் என்று வாயெடுத்தாள். பெர்னிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கேட்கவில்லை.

அடுத்தது பெரிய வரவேற்பறை. அதற்குள் நுழையும்போது ஆர்லோவின் இடது கை மறுபடியும் நிலைக்காலுக்குப் போய்விட்டது. "ஐயா..." என்று கொரீன் ஆரம்பிப்பதற்குள் தானே எடுத்துக்கொண்டு, கையைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டார். ஜோனி கூரையைப் பார்த்தாள். பெர்னிஸின் தாளில் இரண்டு கோடு விழுந்தது கொரீனுக்குத் தெரிந்தது. பார்வையாளரைத் தொடவிட்டது வழிகாட்டியின் குற்றம். மூன்று முறையென்றால் தேர்வு காலி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று பயந்தாள்.

ஆனாலும் இந்த அறையில் அவளுக்குத் தெம்பு வரும். மூன்று சுவர்களிலும் ஆளுயரத்துக்கு மரப்பலகை, தேன்நிறத்தில். ஒரு மூலையில் கணப்படுப்பு. அதை அணைத்தாற்போல் இரண்டு பக்கமும் பெஞ்சு. அடுப்பைச் சுற்றி மங்கிய பச்சை ஓடுகளில் ஓக் காய்கள். தோல்வாரில் தொங்கும் விளக்குகள். பகலிலும் அரை இருட்டு. இந்த மாதிரி வீடுகளில் அகன்ற கூரை வெயிலைத் தடுத்து வைத்திருக்கும். அதோடு, உரையிலேயே கைதட்டல் வாங்கும் கதை இந்த அறையில்தான் இருந்தது. வெள்ளையடி மகாராணியின் கதை.

கொரீன் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஐம்பதுகள்ல இந்த மாதிரி வீடுங்கள யாருக்கும் பிடிக்காது. இருட்டு, கிழவன் வீடுன்னு சொல்லுவாங்க. அப்ப இங்க குடி வந்த ஒரு அம்மாவ நாங்க வெள்ளையடி மகாராணின்னு சொல்லுவோம். ஒருநாள் காலைல எழுந்தாங்க, பிரஷ்ஷ எடுத்தாங்க, பிராண்ட்வெல் ஒவ்வொரு பலகையாப் பொறுக்கிப் போட்ட இந்த அறையையும் கூடத்தையும் பட்டைப் பட்டையா வெள்ளையடிச்சுட்டாங்க. நாலு பூச்சு! இத உரிச்சு எடுக்க எங்க தொண்டர்களுக்கு மூணு வருஷம் ஆச்சு. பல் வைத்தியர் பல்லக் குடையற ஊசி இருக்கே, அத வச்சு."

இரண்டு பெண்களும் 'ஐயோ' என்றார்கள். ஃபெர்ரிஸ் நெஞ்சில் கை வைத்தார்.

"ஆனா பாருங்க, கதவு நிலைகள மட்டும் விட்டுட்டாங்க. ஏன் தெரியுமா? சாயம் தீந்துபோச்சு, கடைக்குப் போகச் சோம்பல்! மகாராணியோட சோம்பேறித்தனம்தான் இந்த வீட்டு நிலைகளக் காப்பாத்துச்சு."

சிரிப்பு எழுந்தது. வழக்கம்போல நல்ல சிரிப்பு. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஜோனியின் முகம் சிவந்திருந்தது. ஆர்லோ கையைப் பையிலிருந்து வெளியே எடுத்திருந்தார்.

"தீந்துபோகல," என்றார். "ரெண்டு டின்னு மிச்சம் இருந்துச்சு. ரொம்ப நாள் கார் ஷெட்டுல கெடந்துச்சு."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"அந்த மகாராணி எங்கம்மா," என்றார் ஆர்லோ. குரலில் கோபம் இல்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னார். "கீழ்ப்பலகை அத்தனையும் அடிச்சது நான். அப்ப எனக்குப் பன்னண்டு வயசு."

பெர்னிஸ் இருமினார். அது என்ன இருமல் என்று கொரீனுக்குத் தெரியும்: இன்னும் மூன்று அறை, இருபத்தொன்பது நிமிடம், நட. உரையில் அடுத்த வரி கணப்படுப்பின் ஓடுகளைப் பற்றியது. அதைச் சொல்லிக்கொண்டே நகர்ந்தால் போதும், தேர்வு பிழைத்துவிடும். நாலு வருட சனிக்கிழமைகள் வீணாகாது.

ஆனால் பேருந்து ஓட்டியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிள்ளை நின்றுகொண்டிருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டாள். மழையானாலும் பின்னால் பத்துக் கார் ஹாரன் அடித்தாலும் எடுக்க மாட்டாள். தான் சொன்ன கேலிக்கு ஒரு மனிதர் தன் தாய்க்காக எழுந்து நிற்கிறார். அவரை அப்படியே நிற்கவைத்துவிட்டு எங்கே போவது? அவளுக்குக் காதுமடல் வரை சுட்டது. வெட்கமாக இருந்தது.

"என்னை மன்னிச்சுக்குங்க ஐயா," என்றாள். "தெரியாம நாலு வருஷமா சிரிச்சிட்டேன். என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க."

"கொரீன்," என்றார் பெர்னிஸ்.

"எழுதிக்கோங்க பெர்னிஸ். நான் நிறுத்தறேன்."

ஆர்லோ கூச்சத்தோடு மகளைப் பார்த்தார். "சொல்லுங்கப்பா," என்றாள் ஜோனி. "இவ்ளோ தூரம் வந்தாச்சு. இனிமே எதுக்கு மூடி வச்சுக்கிட்டு?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா. அம்மாவுக்குக் கண்ணு போய்க்கிட்டே இருந்துச்சு. ஓரத்துலேருந்து சுருங்கிக்கிட்டே வர்ற வியாதி. கடைசில வெளிச்சமும் இருட்டும்தான் தெரியும், அதுக்கு நடுவுல ஒண்ணும் தெரியாது. இந்த வீடோ இப்படி இருட்டு. சுவரு எங்க, வாசல் எங்கன்னு தெரியாம முட்டிக்குவாங்க. டாக்டரு சொன்னாரு, வெளிச்சமா ஒரு புது வீடு பாத்துக்கிட்டுப் போயிடுங்கன்னு. அப்பாவும் பாத்துட்டாரு. ஊருக்கு வெளிய, சுத்தி ஜன்னலு, ஒரே தளம், எல்லாம் வெள்ளை."

"போகலையா?" என்று கேட்டார் ஃபெர்ரிஸின் மனைவி.

"அம்மா மாட்டேன்னுட்டாங்க. இந்த வீட்ட விட்டுப் போறதா இருந்தா என்னைத் தூக்கிக்கிட்டுதான் போகணும்னாங்க. ஒரு வாரம் யோசிச்சாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, 'சுவத்த வெள்ளையாக்கிடுவோம்டா, நிலைய மட்டும் கறுப்பா விட்டுடுவோம். வெள்ளைல கறுப்பா ரெண்டு கோடு தெரிஞ்சா நடுவுல வாசல்னு எனக்குத் தெரிஞ்சிடும்'னாங்க." ஆர்லோ சற்று நிறுத்தினார். "மொதப் பலகைல பிரஷ்ஷ வைக்கும்போது அழுதாங்க. இந்த மரத்து மேல அவங்களுக்கு அவ்வளவு ஆசை. பாதகம் பண்றோம்டான்னு சொல்லிச் சொல்லி அடிச்சாங்க."

கொரீன் வாசலைப் பார்த்தாள். சுவரெல்லாம் வெள்ளையாக, நிலைகள் மட்டும் கருத்து நிற்பதை மனதுக்குள் பார்த்தாள். இதைத்தானே இத்தனை நாள் ஒவ்வொரு அறையிலும் சொல்லிக்கொண்டிருந்தோம்: இருக்கிறவர் கைக்கும் காலுக்கும் ஏற்றபடி வீடு அமைய வேண்டும் என்று. பிராண்ட்வெல் செய்தால் கலை, ஆர்லோவின் அம்மா செய்தால் சோம்பேறித்தனம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"எத்தன வருஷம் இருந்தாங்க, அப்புறம்?" என்று கேட்டாள்.

"பதினெட்டு. ஒருதடவகூட முட்டிக்கல. அடுப்புல கேக்குகூடப் போடுவாங்க. எலுமிச்சங்கேக்கு."

"சர்க்கரைக்குப் பதிலா ஒருதடவை உப்பப் போட்டாங்களாம்," என்றாள் ஜோனி. "அத விட்டுடாதீங்க."

"அது கண்ணு தெரியாம இல்ல. பேச்சு சுவாரசியத்துல போட்டது."

சிரித்தார்கள். பெர்னிஸ் சிரிக்கவில்லை. அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஒரு நிமிஷம். அந்த மூணு வருஷமும் உரிச்சது நான்," என்றார். "தொண்டர்கள்னு உரையில இருக்கு. ஆரம்பிச்சப்ப எட்டு பேரு. மூணாவது மாசத்துலேருந்து நான் ஒருத்திதான். முட்டி போட்டு முட்டி போட்டு ரெண்டு முட்டியும் போச்சு. கீழ்ப்பலகைல சாயம் சந்துக்குச் சந்து திட்டுத்திட்டா நிக்கும். எந்த மடையன் அடிச்சான்னு தினம் திட்டுவேன்."

"அந்த மடையன் நான்தான்," என்றார் ஆர்லோ பணிவாக.

"தெரியுது."

"அம்மா இருந்திருந்தா உங்களுக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்திருப்பாங்க. பக்கத்துல உக்காந்து அவங்களும் உரிச்சிருப்பாங்க."

பெர்னிஸ் வாசலைப் பேனாவால் சுட்டினார். "நிலைக்கு ஒரு காரணம் சொல்லிட்டீங்க, சரி. ஆனா இடது நிலைக்கால்ல இடுப்பு உயரத்துல விளிம்பு குழிவா இருக்கே? அது பிராண்ட்வெல்லோட கைவண்ணம். கை தானா வந்து விழற எடத்துல அவரே இழைச்சு விட்டாருன்னு இருபது வருஷமா சொல்லிக்கிட்டு வர்றோம்."

"எங்கயாவது எழுதி வச்சிருக்காரா?" என்றார் ஃபெர்ரிஸ். அவருக்கு வெறும் வாயில் அவல் விழுந்துவிட்டது. "மூணு நிலைலயும், எந்தப் பக்கத்துலேருந்து நுழைஞ்சாலும், இடது கைப் பக்கம் மட்டும் இருக்கு. நான் அப்பவே பாத்தேன். வலது பக்கம் ஏன் இல்ல?"

பெர்னிஸ் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வலது நிலைக்காலைப் பார்த்தார்.

"அம்மாவுக்கு இடது கைல மோதிரம்," என்றார் ஆர்லோ. "வாசலத் தாண்டறப்ப எல்லாம் இடது கையால நிலையத் தொட்டுக்கிட்டுத்தான் போவாங்க. மோதிரம் உரசி உரசிச் சிலாம்பு கிளம்பிடும். கைல ஏறிடக் கூடாதுன்னு அப்பா ஞாயித்துக்கிழமை ஆனா உப்புத்தாள் போட்டுத் தேச்சு விடுவாரு. தேச்சு தேச்சு குழிஞ்சுபோச்சு. எங்க வீட்டுல எல்லாருக்குமே அந்தப் பழக்கம் வந்துடுச்சும்மா. அதான் என் கை நிக்க மாட்டேங்குது."

கொரீன் அவர் கையைப் பார்த்தாள். பிறகு பெர்னிஸைப் பார்த்தாள். மூன்றாவது கோடு விழட்டும் என்று துணிந்துவிட்டாள்.

"போய்த் தொடுங்க ஐயா," என்றாள்.

ஆர்லோ போய் இடது கையை அந்தக் குழிவில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள் நாலடி நடந்தார், எதன்மேலும் இடிக்காமல். திரும்பி வந்தார். "கொஞ்சம் கீழ இருக்கு," என்றார். "அம்மா குள்ளம்." அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஜோனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கைப்பையில் இல்லாத எதையோ தேடினாள்.

அந்த அறையை விட்டுப் போகும்போது கொரீன் அவரைக் கதவுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெள்ளையைச் சாட்சிக்காக உரிக்காமல் விட்டுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஆர்லோ மண்டியிட்டு உற்றுப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து பாதியில் காய்ந்திருந்தது. "இது என்னுதுதான்," என்றார் சந்தோஷமாக. "வழியவிடாதடா வழியவிடாதடான்னு கத்துவாங்க. அவங்களுக்கு அது தெரியவே தெரியாது. என் பிரஷ்ஷோட சத்தத்த வச்சே கத்துவாங்க."

மீதி மூன்று அறைகளையும் கொரீன் ஓட்டமாக ஓட்டினாள். மாடியில் திறந்தவெளிப் படுக்கைத் தளத்தில் பிராண்ட்வெல்லைப் பற்றி இரண்டு வரி விட்டுப்போயிற்று. கவலைப்படவில்லை. கீழே இறங்கி வழியனுப்பும்போது ஆர்லோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாக் காட்டினீங்கம்மா எங்க வீட்ட," என்றார். ஃபெர்ரிஸ் கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார். மனைவி பதில் வரும்முன் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்து மணிக்குச் சன்னல் திரைகளை இறக்க வேண்டும். கொரீன் ஒவ்வொன்றாக இறக்கினாள். பெர்னிஸ் வரவேற்பறையில் கணப்பருகே, யாரும் உட்காரக் கூடாத பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொரீன் எதிரே போய் நின்றாள்.

"பத்தொம்பது நிமிஷம் தாமதம்," என்று தாளைப் படித்தார் பெர்னிஸ். "உரையை நடுவுல விட்டது. கட்டடக் கலைஞர் பத்தி ரெண்டு வரி போச்சு. மூணு தடவை தொடவிட்டது; அதுல ஒண்ணு நீயே தொடச் சொன்னது. இதுவரைக்கும் யாரும் இவ்வளவு கேவலமா மார்க்கு வாங்கினதில்ல."

"சரி," என்றாள் கொரீன். "கடைல எந்தக் கிழமை உக்காரணும்?"

"நான் முடிக்கல. உரையை விட்டதுக்குத்தான் இவ்வளவு மார்க்கு போச்சு. உரையே தப்புன்னா? அத எழுதினவளுக்கு யாரு மார்க்கு போடறது?" பெர்னிஸ் சுவரில் இருந்த தேன்நிறப் பலகையைப் பார்த்தார். "இத்தன நாளா எனக்கு ஒண்ணு புரியல. சாப்பாட்டு அறைப் பலகையெல்லாம் வெயில் குடிச்சு வெளுத்துக் கெடக்கு. இந்த அறைல மட்டும் நேத்து இழைச்ச மாதிரி இருக்கு. அவங்க அடிச்ச வெள்ளைதான் மூடி வச்சிருக்கு. நான் மூணு வருஷம் உரிச்சு எடுத்தேன், ஒரு நாளாவது யோசிச்சேனா?"

கைப்பையிலிருந்து உரையை எடுத்தார். பதினாலாம் பக்கத்தில் 'வெள்ளையடி மகாராணி' என்று இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். பத்தி முழுவதையும் அடித்தார்.

"பத்திரத்துல புருஷன் பேருதான் இருந்துச்சு. அந்தம்மா பேரு கேட்டியா?"

"கேட்டேன். ஹெஸ்டர். ஹெஸ்டர் டன்ஸ்டால்."

பெர்னிஸ் நிதானமாக, பெரிய எழுத்தில் அதை எழுதினார். "மீதிய நீ எழுது. ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. அடுத்த சனிக்கிழமை ரெண்டு மணிச் சுற்று உன்னுது. பத்தொம்பது நிமிஷத்த மட்டும் வீட்டுல விட்டுட்டு வா."

பேருந்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்காரவைத்த கொரீன் சந்தோஷத்தில் அழுதாள்.

"அதோட, அந்தப் பிரஷ்ஷக் கழட்டி என் பைல போடு," என்றார் பெர்னிஸ் எழுந்துகொண்டே. "டிசம்பர் வரைக்கும் யாரு காத்திருக்கறது? இந்த வருஷம் அது எனக்குத்தான்."

கொரீன் கடைசித் திரையையும் இறக்கிவிட்டு, பிரஷ்ஷை எடுத்து வந்தாள். வீடு இருட்டாகிவிட்டது. பெர்னிஸ் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டார். வாசலுக்குப் போனார். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் இடது கையை நிலைக்காலின் குழிவில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து அந்தப் பக்கம் போனார்.

"அம்மா," என்றாள் கொரீன், வழிகாட்டியின் குரலில். "மரத்தை மட்டும் தொட வேண்டாம்."

பெர்னிஸ் கையை எடுக்கவில்லை.

"எழுதிக்கோ," என்றார்.